குளிர் மலையிலும் கணினிக்குக் காற்று வேண்டும்

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களிலிருந்தும், கீழே சமவெளியின் செம்பனை, ரப்பர்த் தோட்டங்களிலிருந்தும் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே, தந்தைமார்களே, மாணவச் செல்வங்களே! கணினி உறுப்புகளைத் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே பொருத்தி ஒரு கணினியை உருவாக்கும் பழக்கம் நம் பிள்ளைகளிடையே பரவி வருகிறது. நல்ல பழக்கந்தான். அப்படிப் பொருத்தும்போது, அதன் மூளையாகிய செயலியைச் சூட்டிலிருந்து காப்பது எப்படி என்பதை இன்று பார்ப்போம்.

"நாம் இருப்பதோ குளிர் மலை. ரிங்லெட் கடல் மட்டத்துக்கு மேல் ஆயிரம் மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில் இருக்கிறது. விடியற்காலையில் குளிராடை இல்லாமல் வேலைக்குக் கிளம்ப முடியாத ஊரில் ஒரு பொருள் சூட்டினால் கெடுமா?" என்று நீங்கள் கேட்கலாம். கெடும். அதற்குச் சான்று நம் தோட்டத்திலேயே இருக்கிறது.

கொழுந்தைக் கையால் கிள்ளினாலும், கத்தரியால் வெட்டினாலும், இயந்திரத்தால் அறுத்தாலும், அதை மூட்டையில் அமுக்கித் திணித்து வைத்தால் என்ன ஆகும்? கொஞ்ச நேரங் கழித்து உள்ளே கையை விட்டுப் பார்த்தால் வெதுவெதுவென்று இருக்கும். மேலும் விட்டுவைத்தால் இலை சிவந்து போகும். பறித்த பிறகும் இலை உயிரோடுதான் இருக்கிறது. அது மூச்சு விடுகிறது. மூச்சு விடும்போது சூடு உண்டாகிறது. இலைகள் தளர்வாக இருந்தால் இடையில் ஓடும் காற்று அந்தச் சூட்டைக் கொண்டுபோய்விடும். அமுக்கிவிட்டால் காற்றுக்கு வழியில்லை. சூடு உள்ளேயே தங்கிவிடுகிறது. மூட்டைக்கு வெளியே மூடுபனி சூழ்ந்திருந்தாலும் உள்ளே இருக்கும் கொழுந்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

கொழுந்து ஆலைக்கு வந்த பிறகும் இதே பாடந்தான். ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் 1929இல் தொடங்கிய போ தோட்டத்தையும் அதன் ஆலையையும் அறியாதவர் இந்த மலையில் இருக்க மாட்டார்கள். தேயிலை ஆலைகளில் இலையை வாட்டும்போது கம்பி வலையின்மேல் பரப்பி, கீழிருந்து பெரிய காற்றாடியால் காற்றைச் செலுத்துவார்கள். ஓரிடத்தில் இலை கனமாகக் குவிந்துவிட்டால் காற்று அந்த இடத்தை விட்டு விலகி, மெல்லிதாகப் பரப்பிய பக்கமாகப் போய்விடும். ஆகவே காற்றாடி சுழல்வது மட்டும் போதாது. போக வேண்டிய இடத்துக்குக் காற்று போக வேண்டும். நேயர்களே, இதைப் புரிந்துகொண்டவர்கள் கணினியைக் குளிர்விக்கும் கலையில் பாதியைக் கற்றுவிட்டார்கள்.

இனி, செயலி என்பது என்ன என்று பார்ப்போம். கடைக்காரர்கள் இதைப் புரோசஸர் என்பார்கள். கட்டைவிரல் நகத்தளவுள்ள சிலிக்கான் துண்டு ஒன்று அதன் உள்ளே இருக்கிறது. அந்தச் சிறு துண்டில் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் அடங்கியுள்ளன. ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்விசைபோலத் திறந்து மூடுகிறது. அதுவும் ஒரு நொடிக்குள் கோடிக்கணக்கான தடவை. இந்த வேலைக்காகச் செலவாகும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகவே மாறுகிறது.

அந்த வெப்பம் எவ்வளவு? வீட்டில் உள்ள இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். அது 1,000 வாட் மின்சாரம் இழுக்கிறது. அதன் அடித்தட்டு ஏறத்தாழ 200 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட். சாதாரணக் கணினிச் செயலி ஒன்று 65 வாட் இழுக்கிறது. அதன் சிலிக்கான் துண்டு 2 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 32 வாட்டுக்கு மேல் வருகிறது. துணி தேய்க்கும் பெட்டியைப்போல ஆறு மடங்கு! மொத்தச் சூடு குறைவுதான். ஆனால் அத்தனையும் நகத்தளவு இடத்தில் பிறக்கிறது. அதை உடனுக்குடன் அகற்றாவிட்டால் சில நொடிகளிலேயே செயலி கொதிநிலையை எட்டிவிடும்.

இந்தத் தொல்லை முன்பு இல்லை. 1981இல் ஐபிஎம் நிறுவனம் தன் முதல் சொந்தக் கணினியை விற்றபோது, அதனுள் இருந்த 8088 என்னும் செயலிக்குக் குளிர்விப்பான் கிடையாது. வெறுமனே பலகையில் உட்கார்ந்திருந்தது. 1993இல் பென்டியம் வந்தபோது செயலி ஏறத்தாழ 15 வாட் இழுத்தது. தலைமேல் ஒரு சிறு காற்றாடியும் வந்து சேர்ந்தது. 2004இல் விற்ற சில பென்டியம் 4 செயலிகள் 100 வாட்டையும் தாண்டிவிட்டன. வேகத்தைக் கூட்டக் கூட வெப்பமும் கூடுவதைக் கண்ட உற்பத்தியாளர்கள், ஒரே மூளையை விரட்டுவதை விட்டுவிட்டு, ஒரு செயலிக்குள் இரண்டு, நான்கு என்று பல மூளைகளை வைக்கும் பாதைக்குத் திரும்பினார்கள். ஒரு பெருந்தொழிலையே வெப்பம் திசை திருப்பிவிட்டது என்றால் அது சிறிய விஷயமா?

இந்த வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை 1972இல் பினாங்கில்தான் தொடங்கியது. அன்று முதல் பாயான் லெப்பாஸ் வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் மலாய், சீன, இந்தியப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்குச் சேர்ந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய வேலை அவர்கள் கையால் நடந்தது. சிலிக்கான் துண்டை அதன் பலகையில் பொருத்தி, வெப்பத்தைப் பரப்பும் உலோக மூடியைப் போட்டு, சோதித்து அனுப்பும் வேலை இன்றும் அங்கே நடக்கிறது. கடையில் வாங்கும் பல செயலிகளின் மூடியில் மலேசியாவைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள் பொறித்திருப்பதைப் பிள்ளைகள் பார்க்கலாம். எங்கோ தூர தேசத்து மந்திரம் என்று அஞ்ச வேண்டியதில்லை. நம் நாட்டுக் கைகள் தொட்டு முடித்த பொருள்தான் அது.

சரி, வெப்பம் செயலியிலிருந்து எப்படி வெளியேறுகிறது? தீப்பிடித்த வீட்டை அணைக்க ஆற்றிலிருந்து வீடுவரை ஆட்கள் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவதை மனத்தில் கொள்ளுங்கள். சிலிக்கான் துண்டு வெப்பத்தை உலோக மூடிக்குக் கொடுக்கிறது. மூடி அதை வெப்பப் பசைக்குக் கொடுக்கிறது. பசை குளிர்விப்பானின் அடித்தட்டுக்குக் கொடுக்கிறது. அடித்தட்டிலிருந்து அது மெல்லிய அலுமினியத் தகடுகளுக்குப் போகிறது. தகடுகளைத் தழுவி ஓடும் காற்று அதை வாங்கிக்கொள்கிறது. கடைசியாக அந்தச் சூடான காற்று பெட்டியை விட்டு வெளியேறுகிறது. இந்த வரிசையில் ஒருவர் கை ஓய்ந்தாலும் வாளிகள் பின்னால் தேங்கிவிடும். மற்றவர்கள் எவ்வளவு பலசாலிகளாக இருந்தாலும் பயனில்லை. கணினி கூட்டுபவர்கள் செய்யும் தவறுகள் யாவும் இந்த வரிசையில் எங்கோ ஓரிடத்தில் கை ஓய்ந்துபோவதுதான்.

முதலாவது, குளிர்விப்பானைத் தேர்ந்தெடுப்பது. கடையில் கூலர் என்று கேட்டால் தருவார்கள். சில செயலிகளின் பெட்டிக்குள்ளேயே அது இருக்கும், சிலவற்றில் இருக்காது. வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பள்ளிப் பாடம், எழுத்து வேலை, இணைய வகுப்பு ஆகியவற்றுக்கு 65 வாட் வகைச் செயலியும், அதனோடு வரும் சாதாரணக் குளிர்விப்பானும் போதும். வேறு வாங்குவதானால் மூன்று பொருத்தம் பார்க்க வேண்டும்: செயலி அமரும் இருக்கைக்கு அது பொருந்துமா, செயலி வெளியிடும் வாட் அளவைத் தாங்குமா, அதன் உயரம் பெட்டிக்குள் அடங்குமா. திருமணப் பொருத்தம் பத்து என்பார்கள். இதற்கு மூன்றே போதும், ஆனால் மூன்றும் வேண்டும்.

சில குளிர்விப்பான்களில் செம்புக் குழாய்கள் வளைந்து செல்வதைக் காணலாம். அவை வெறுங் குழாய்கள் அல்ல. ஒவ்வொன்றின் உள்ளேயும் சிறிதளவு நீர் அடைக்கப்பட்டிருக்கும். உள்ளே காற்றழுத்தம் குறைவு என்பதால் அந்த நீர் குறைந்த சூட்டிலேயே ஆவியாகிவிடும். ஆவி குளிர்ந்த முனைக்குப் போய், இட்லிப் பானை மூடியில் நீர் முத்துவதுபோல் மீண்டும் நீராகிறது. அந்த நீர் குழாயின் உட்சுவர் வழியே திரி எண்ணெயை இழுப்பதுபோல் இழுக்கப்பட்டுச் சூடான முனைக்குத் திரும்புகிறது. மின்சாரமும் இல்லாமல், ஓசையும் இல்லாமல் இந்தச் சுற்று நடந்துகொண்டே இருக்கிறது. தண்ணீரைக் குழாயில் ஓட்டி லாரி ரேடியேட்டர்போலக் குளிர்விக்கும் முறையும் உண்டு. அது விலை கூடியது. அதிலும் கடைசியில் சூட்டை வாங்குவது காற்றுதான். நம் பிள்ளைகளின் படிப்புக் கணினிக்கு அது தேவையில்லை.

இரண்டாவது, வெப்பப் பசை. கடையில் இதைத் தெர்மல் பேஸ்ட் என்பார்கள். செயலியின் மூடியும் குளிர்விப்பானின் அடித்தட்டும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும், நுணுகிப் பார்த்தால் இரண்டிலும் மேடு பள்ளங்கள் இருக்கும். இரண்டையும் சேர்த்து வைத்தால் பள்ளங்களில் காற்று சிக்கிக்கொள்ளும். ஓடும் காற்று நமக்கு நண்பன். அடைபட்ட காற்றோ போர்வை. செம்பு, காற்றைவிடப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தக்கூடியது. பசையின் வேலை அந்தச் சிறு பள்ளங்களை நிரப்பிக் காற்றை விரட்டுவது. ஆனால் பசை, காற்றைவிட மேலானதே தவிரச் செம்புக்கு ஈடாகாது. கனமாகப் பூசினால் பசையே தடையாகிவிடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. மூடியின் நடுவில் ஒரு சிறு பட்டாணி அளவு வைத்தால் போதும். குளிர்விப்பானை இறுக்கும்போது அதுவே பரவிக்கொள்ளும்.

புதுக் குளிர்விப்பான்கள் பலவற்றின் அடியில் பசை ஏற்கெனவே பூசியிருக்கும். அதை விரலால் தொடக் கூடாது. அதன்மேல் வேறு பசையும் வைக்க வேண்டாம். சிலவற்றின் அடித்தட்டில் ஒளிபுகும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதை உரிக்க மறந்து அப்படியே பொருத்திவிட்டு, கணினி ஏன் சூடாகிறது என்று திகைப்பவர்கள் பலர். பொருத்துவதற்கு முன் அடித்தட்டை வெளிச்சத்தில் ஒரு தடவை திருப்பிப் பார்ப்பது நல்லது.

மூன்றாவது, பொருத்துவது. மின்செருகியைச் சுவரிலிருந்து கழற்றி வையுங்கள். பெட்டியின் வெற்று உலோகத்தை ஒரு முறை கையால் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்ளுங்கள். செயலியை ஓரங்களில் பிடித்து, அதன் மூலையிலுள்ள சிறு முக்கோணக் குறியைத் தாய்ப்பலகையின் குறியோடு சேர்த்து மெல்ல வையுங்கள். அது தன் எடையாலேயே அமரும். அழுத்தினால் நுண்ணிய ஊசிகள் வளைந்துபோகும்.

பிறகு குளிர்விப்பான். அதன் நான்கு திருகாணிகளில் ஒன்றை முழுவதும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. லாரிச் சக்கரத்தின் நட்டுகளை எப்படி முடுக்குகிறார்கள்? எதிரெதிராக, கொஞ்சங் கொஞ்சமாக அல்லவா? அதேபோல ஒரு மூலையில் இரண்டு சுற்று, எதிர் மூலையில் இரண்டு சுற்று என்று மாறிமாறி முடுக்க வேண்டும். அப்போதுதான் அடித்தட்டு சாயாமல் அமரும். திருகாணிக்குப் பதிலாக அழுத்திப் பொருத்தும் முளைகள் இருந்தால், அவற்றையும் எதிரெதிராக அழுத்த வேண்டும். ஒவ்வொன்றும் 'கிளிக்' என்று ஓசை கொடுத்து உட்கார வேண்டும். நான்கில் ஒன்று அமராவிட்டாலும் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். வரிசையில் ஒருவர் கை ஓய்ந்தது என்று சொன்னோமே, அது இதுதான்.

காற்றாடியின் கம்பியைத் தாய்ப்பலகையில் செயலிக் காற்றாடிக்கென்று குறித்திருக்கும் இடத்தில் செருக வேண்டும். அதில் நான்கு கம்பிகள் இருந்தால், இரண்டு மின்சாரத்துக்கு, ஒன்று காற்றாடியின் சுழற்சியை எண்ணிச் சொல்வதற்கு, மற்றொன்று அதன் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதற்கு. குளிர்விப்பான் இல்லாமல், "சும்மா ஓடுகிறதா பார்ப்போம்" என்று ஒரு நொடிகூட மின்சாரம் கொடுக்க வேண்டாம். 2001இல் இணையத்தில் பரவிய ஒரு சோதனைப் படத்தில், ஓடிக்கொண்டிருந்த ஏஎம்டி அத்லான் செயலியின் குளிர்விப்பானைக் கழற்றினார்கள். சில நொடிகளில் அது புகைந்து கெட்டது. அதே சோதனையில் பென்டியம் 4 தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பியது. இப்போது வரும் செயலிகள் யாவும் சூடு மிஞ்சினால் வேகத்தைக் குறைக்கும். அதற்கும் மிஞ்சினால் தாமே அணைந்துவிடும். அது உயிர் காக்கும் ஏற்பாடு. அதை நம்பி அசட்டையாக இருக்கலாகாது.

நான்காவது, காற்றின் பாதை. பெட்டியின் முன்பக்கம் குளிர்ந்த காற்று நுழைய வேண்டும். பின்பக்கமும் மேற்பக்கமும் சூடான காற்று வெளியேற வேண்டும். காற்றாடியின் ஓரத்தில் காற்றின் திசையைக் காட்டும் அம்புக்குறி பெரும்பாலும் இருக்கும். உள்ளே கம்பிகள் பந்தாகச் சுருண்டு கிடந்தால், குவிந்த கொழுந்துபோலக் காற்றை மறிக்கும். அவற்றை ஓரமாகக் கட்டி ஒதுக்க வேண்டும். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல், பின்னால் ஒரு சாண் இடம் விட வேண்டும்.

இங்கேதான் குளிர் மலையில் வாழும் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஈரமும் மூடுபனியும் பட்டுக் கணினி கெட்டுவிடுமோ என்று பயந்து, ஓடும்போதே அதைத் துணியால் போர்த்துவதும், கதவு மூடிய அலமாரிக்குள் வைப்பதும் உண்டு. பெட்டிக்குப் பின்னால் வெதுவெதுப்பான காற்று வருகிறதே என்று ஈரக் காலுறையை அதன்மேல் காயப் போடுவாரும் உண்டு. அன்பான எண்ணந்தான், சிக்கனமான எண்ணந்தான். ஆனால் கொழுந்து மூட்டையின் வாயைக் கட்டுவது போன்ற காரியம் அது. ஓடும் கணினி சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாகவே இருக்கும். ஆகவே அதன்மேல் பனி நீர் படியாது. போர்த்துவதானால் அணைத்துச் சூடு ஆறிய பிறகு போர்த்தலாம்.

பனி நீர் படியும் வேளை வேறு இருக்கிறது. மலையில் குளிர்ந்து கிடந்த கணினியை வண்டியில் ஏற்றித் தாப்பாவுக்கோ ஈப்போவுக்கோ கொண்டுபோனால், கீழே உள்ள வெப்பமான ஈரக்காற்று அதன்மேல் பட்டு, குளிர்ந்த பானத்தின் கண்ணாடிக் குவளையைப்போல் வியர்க்கும். அந்த நிலையில் மின்சாரம் கொடுத்தால் ஆபத்து. இரண்டு மூன்று மணி நேரம் அப்படியே வைத்திருந்து, பிறகுதான் இயக்க வேண்டும். கணினிக்கு அருகே பனிக்கட்டி வைத்துக் குளிர்விக்கும் யோசனையும் இதே காரணத்தால் கூடாது.

நம் மலைக்குளிர் உண்மையில் எவ்வளவு உதவுகிறது? ஒரு கணக்குப் போடுவோம். குளிர்விப்பான் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், காற்றாடியால் செயலியை அறைக் காற்றைவிடக் குளிரச் செய்ய முடியாது. முழு வேலையில் செயலியின் சூடு அறைக் காற்றைவிட 45 டிகிரி கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 22 டிகிரியுள்ள ரிங்லெட் வீட்டில் அது 67 டிகிரி. 32 டிகிரியுள்ள தெலுக் இந்தான் வீட்டில் 77 டிகிரி. ஆக, மலை நமக்குப் பத்து டிகிரிச் சலுகை தருகிறது. நம் உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் அதே காற்றாடி கொஞ்சம் குறைவான சூட்டையே ஏந்திச் செல்லும். அப்படியும் குளிரால் வரும் லாபமே பெரிது. ஆனால் ஒரு முளை சரியாக அமராமல் போனால் இந்தச் சலுகை முழுவதும் நிமிட நேரத்தில் கரைந்துவிடும்.

கணினியைக் கூட்டி முடித்த அன்றே சூட்டை அளந்து பார்க்க வேண்டும். பயாஸ் எனப்படும் ஆரம்பத் திரையில் செயலியின் வெப்பநிலை காட்டப்படும். சும்மா இருக்கும்போது 30 முதல் 45 டிகிரிவரை இருந்தால் நலம். கடின வேலையில் 80 டிகிரிக்குள் நின்றால் கவலை இல்லை. சற்று நேரத்திலேயே 95, 100 என்று ஏறினால் உடனே அணைத்து, பசையையும் பிடிப்பையும் பார்க்க வேண்டும். நூறு டிகிரியை ஒட்டித்தான் பல செயலிகளின் எல்லைக்கோடு இருக்கிறது.

ஐந்தாவது, தூசி. 1963இல் கட்டி முடித்த சுல்தான் அபு பக்கார் அணையால் உண்டான ரிங்லெட் ஏரியை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். மேட்டு நிலங்களிலிருந்து அடித்து வரும் மண் அதில் வண்டலாகப் படிந்து, நீர் நிற்கும் இடத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறது. தூர் வாராவிட்டால் ஏரி இருந்தும் பயன் குறையும். குளிர்விப்பானின் தகடுகளுக்கு இடையே தூசி படிவதும் அப்படித்தான். காற்றாடி சுழலும், ஓசையும் வரும். காற்று மட்டும் போகாது. அடுப்படி எண்ணெய்ப் புகையும், சாம்பிராணி, ஊதுவத்திப் புகையும் சேர்ந்தால் தூசி பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். ஆகவே கணினியைச் சமையல் இடத்துக்கும் சாமி மாடத்துக்கும் சற்றுத் தள்ளி வைக்க வேண்டும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை மின்செருகியைக் கழற்றிவிட்டு, மெல்லிய தூரிகையால் தகடுகளைத் துடைக்க வேண்டும். காற்று ஊதிச் சுத்தம் செய்தால், காற்றாடி தறிகெட்டுச் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். மின்சாரம் வழங்கும் சிறு பெட்டியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. அணைத்த பிறகும் அதனுள் ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கும்.

நம்மில் பலர் புதுக் கணினி வாங்குவதில்லை. அலுவலகங்கள் கழித்த பழைய கணினியையே வாங்குகிறோம். அதில் தவறில்லை. ஆனால் பல ஆண்டுகளில் அதன் வெப்பப் பசை காய்ந்து மண்போல ஆகியிருக்கும். கூலரைக் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த, நூல் உதிராத துணியால் பழைய பசையைத் துடைத்துவிட்டுப் புதுப்பசை வைத்தால், அந்தக் கணினிக்குப் புது மூச்சு வரும். ஒரு சிறு குழல் பசை பல தடவைக்கு வரும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று சில பெற்றோர் எண்ணக்கூடும். சொல்கிறோம். 2020 மார்ச் 18ஆம் நாள் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் வீட்டுக்கு வந்தது. கணினி இல்லாத வீட்டுப் பிள்ளைகள், நான்கு பேருக்கு ஒரு கைப்பேசி என்று காத்திருந்தார்கள். அதன் பிறகு பல குடும்பங்கள் வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டிக் கணினி வாங்கின. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. ஒரு கணினியைக் கூட்டி முடிக்க ஏறத்தாழ ஒரு மாத உழைப்பு முழுவதும் போய்விடுகிறது. அந்தக் கணினி பத்து நிமிடம் ஓடியதும் மந்தமாகிறது, காற்றாடி இரைகிறது, தேர்வு நேரத்தில் பட்டென்று அணைகிறது என்றால் வீடே கலங்கிப் போகிறது. செயலி கெட்டுவிட்டது, மாற்ற வேண்டும் என்று யாரேனும் சொன்னால், விவரம் தெரியாதவர்கள் கடன் வாங்கியாவது மாற்றுவார்கள். விவரம் தெரிந்த பிள்ளையோ முதலில் பெட்டியைத் திறந்து தூசியைப் பார்க்கும். காற்றாடி சுற்றுகிறதா, நான்கு முனையும் பிடித்திருக்கிறதா, பசை காய்ந்திருக்கிறதா என்று பார்க்கும். இந்த நான்கு பார்வைக்கும் ஒரு சென் செலவில்லை. பாதிக் கோளாறு அங்கேயே தீர்ந்துவிடவும் கூடும்.

பணம் மிச்சமாவதைவிட இன்னொன்று பெரிது. பொருள் பழுதானால் யாரிடமாவது கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அவர் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டி நிற்பது நம் தோட்டங்களில் நெடுநாள் பழக்கம். காரணத்தைத் தெரிந்துகொண்ட பிள்ளை தலையாட்டாது, கேள்வி கேட்கும். அந்தக் கேள்வி கேட்கும் பழக்கம் கணினியோடு நின்றுவிடாது. நாளை தொழிற்கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போகும்போதும், வேலைக்குப் போகும்போதும் அது துணையாக இருக்கும்.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளைகள் திருப்புளியை எடுத்தால் உடைத்துவிடுவார்கள் என்று பிடுங்கி வைக்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். மின்செருகியைக் கழற்றியிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். ஆண்பிள்ளைக்கு மட்டுமல்லாமல் பெண்பிள்ளைக்கும் அந்தத் திருப்புளியைக் கொடுங்கள். பினாங்கில் அரை நூற்றாண்டுக்கு மேலாகச் செயலிகளைத் தொட்டு முடித்தவர்களில் பெண்களே மிகப் பலர் என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள். மாணவச் செல்வங்களே, பதறாத காரியம் சிதறாது. ஒவ்வொரு திருகாணியையும் நிதானமாக முடுக்குங்கள்; சூடு பிறக்கும் இடத்திலிருந்து அது வெளியேறும் வாசல்வரை ஒரு முறை கண்ணால் நடந்து பாருங்கள்; அதன் பிறகு விசையைப் போடுங்கள்.